முடிக்கத் தெரிந்த கை

ஒரு கருமத்தைத் தொடங்குதற்கு ஊக்கம் ஒன்றே போதும். அதனை இடையறாது நடத்துதற்கு ஊக்கத்தோடு பொறுமையும் வேண்டும். உரிய வேளையிலே, உரிய முறையிலே அதனை முடித்துவைத்தற்கோ இவ்விரண்டோடு வேறொன்றும் வேண்டும். அந்த வேறொன்று யாது என்பதைப் பற்றி, மாணவன் ஒருவனுடைய வினா எம்மைச் சில காலம் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையையே இந்த ஞாயிறன்று வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் முதற் கிழமை. உயர்தர வகுப்பிலே நாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். எப்பொழுதும் முந்திக்கொண்டு விடை கூறும் மாணவன் ஒருவன் அன்று முகம் வாடி, சாளரத்துக்கு வெளியே நோக்கிய வண்ணம் இருந்தான். வீட்டிலே ஏதேனும் துன்பம் போலும் என எண்ணி, இடைவேளையில் அவனைத் தனியே அழைத்து, "என்ன தம்பி, சுகமில்லையோ?" என வினாவினோம். அவன் சற்றே நாணி, "ஒண்டுமில்லை சேர். நான் வாசிச்சுக்கொண்டு வந்த கதை முடிஞ்சு போச்சு" என்றான்.

அவன் குறிப்பிட்ட கதை ‘ஜுஜுட்சு கைசென்’ என்னும் யப்பானியச் சித்திரக்கதை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தொடங்கி, 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி 271ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. கதை தொடங்கிய ஆண்டிலே இவன் ஆறாந் தரத்துச் சிறுவன். முடிந்த ஆண்டிலே மீசை அரும்பிய இளைஞன். கைத்தொலைபேசியிலே ஆங்கில மொழிபெயர்ப்பை வாரந்தோறும் வாசித்து வந்திருக்கிறான். "எல்லாரும் விரும்பி வாசிக்கிற நேரத்திலே ஏன் சேர் நிற்பாட்டினவர்?" என்று அவன் கேட்டபொழுது எம்மிடத்தே விடை இருக்கவில்லை. ஏதோ சமாதானம் கூறி அனுப்பிவைத்தோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை.

அதுவரையில் இவ்வகைக் கதைகளை நாம் அவ்வளவாக மதித்தோமல்லோம். படிக்கும் பிள்ளையின் பொழுதைக் களவாடும் பொருள்களுள் அவற்றையும் ஒன்றாக எண்ணியிருந்தோம். ஒரு பதினெட்டு வயது இளைஞனைக் கண்கலங்கச் செய்யும் ஆற்றல் அவற்றுக்கு உண்டெனக் கண்டபின்னர், அவை எவ்வாறு ஆக்கப்படுகின்றன, எவ்வாறு முடிக்கப்படுகின்றன என்பவற்றைத் தேடி அறியத் தலைப்பட்டோம். அத்தேட்டத்திலே எமக்குக் கிடைத்தது நாற்பது ஆண்டுகள் ஓடி, தானே நின்ற ஒரு கதையின் வரலாறு. அதனைக் கூறுமுன், அக்கதை வாழ்ந்த உலகைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

யப்பானியர் சித்திரக்கதையை ‘மங்கா’ என்பர். அது சிறுவர்க்கு மாத்திரம் உரியதன்று. அலுவலகத்தவர், இல்லத்தரசியர், முதியோர் ஆகிய ஒவ்வொரு சாராருக்கும் அங்கே தனித்தனிச் சஞ்சிகைகள் உண்டு. சிறுவர்க்கென எழுந்தவற்றுள் தலையாயது ‘ஷோனென் ஜம்ப்’. ஷூஎய்ஷா என்னும் பதிப்பகத்தார் 1968ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினர். மறு ஆண்டிலே அது வாராந்தச் சஞ்சிகையாயிற்று. மலிவான தாளிலே, தொலைபேசி விபரக்கொத்துப் போன்ற பருமனோடு வெளிவரும் அவ்விதழிலே ஏறக்குறைய இருபது தொடர்கள் இடம்பெறும். ஒவ்வொரு தொடருக்கும் வாரம் இருபது பக்கம் வரையில் உண்டு. நல்ல வரவேற்புப் பெறும் தொடர்கள் பின்னர் சிறு நூல்களாகத் தொகுக்கப்பெறும். 1994ஆம் ஆண்டின் இறுதியிலே இச்சஞ்சிகையின் ஓரிதழ் 65 இலட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சிடப்பட்டதென்றால் அதன் செல்வாக்கை நாம் உணரலாம்.

இச்சஞ்சிகையிலே ஒரு தொடர் வாழ்வதும் மாள்வதும் ஒரு தபாலட்டையைப் பொறுத்தது. தமக்குப் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்புமாறு வாசகர்க்கு இதழோடு ஓர் அட்டை வழங்கப்படும். வந்த அட்டைகளை ஆசிரியர் குழுவினர் எண்ணுவர். பின்தங்கிய புதுத்தொடர் பத்துக் கிழமையளவிலே நிறுத்தப்படும். எத்தனையோ இளம் ஓவியர்களின் கனவு இவ்வாறு பத்துக் கிழமையிலே கலைந்திருக்கிறது.

தோற்ற தொடருக்கு முடிவு விரைந்து வருகிறதென்றால், வென்ற தொடருக்கோ முடிவு எளிதிலே வருவதில்லை. அது பதிப்பகத்தாருக்குப் பொன் முட்டையிடும் வாத்தன்றோ? ‘டிராகன் போல்’ 1995ஆம் ஆண்டிலும், ‘ஸ்லாம் டங்க்’ 1996ஆம் ஆண்டிலும் முடிந்தபின் ‘ஷோனென் ஜம்ப்’ இதழின் விற்பனை சரிந்தது. 1997ஆம் ஆண்டிலே அது தன் முதலிடத்தைப் போட்டிச் சஞ்சிகையொன்றிடம் இழந்தது. ஆகவே புகழ்பெற்ற தொடரை ஓவியர் நிறுத்த விரும்பினும், "இன்னும் சிறிது காலம்" என்னும் வேண்டுகோள் எழுவது இயல்பு. வாசகரும் அதனையே வேண்டுவர். தோல்வியிலே கத்தி விழுகிறது. வெற்றியிலே கதவு பூட்டப்படுகிறது. இவ்விரண்டிலும் அகப்படாது, தன் கதையைத் தான் குறித்த நாளிலே முடிப்பது இவ்வுலகில் அரிய செயல் என்பது இதனால் விளங்கும்.

அவ்வரிய செயலைச் செய்தவர்களுள் ஒருவர் ஒசாமு அகிமோட்டோ. அவர் 1952ஆம் ஆண்டு தோக்கியோ மாநகரின் கிழக்கிலுள்ள கட்சுஷிக்கா வட்டாரத்திலே பிறந்தார். அசைவுச்சித்திரங்களை ஆக்கும் டட்சுனோக்கோ நிறுவனத்திலே சிறிது காலம் தொழில் பார்த்தபின், 1976ஆம் ஆண்டு செப்டெம்பரிலே ‘ஷோனென் ஜம்ப்’ இதழில் ஒரு நகைச்சுவைத் தொடரைத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 23. அத்தொடரின் பெயர் மிக நீண்டது: ‘இது கட்சுஷிக்கா வட்டாரம், கமெயாரிப் பூங்கா முன்னுள்ள பொலிஸ் காவற்சாவடி’ என்று அதனைத் தமிழிலே கூறலாம். தொலைபேசி மணி ஒலிக்க, காவலர் ஒருவர் எடுத்துப் பதிலிறுப்பது போன்ற தலைப்பு. யப்பானியர் இதனைச் சுருக்கி ‘கொச்சிக்கமே’ என வழங்கினர்.

யப்பானிய நகரங்களிலே தெருமுனைகள்தோறும் ‘கோபான்’ எனப்படும் சிறு காவற்சாவடி உண்டு. இரண்டு மூன்று பொலிஸார் அங்கே இருப்பர். வழி தவறியவர்க்கு வழி காட்டுவதும், தொலைந்த பொருளைப் பெற்றுப் பேணுவதும், அயலாரின் சச்சரவைத் தீர்ப்பதும் அவர்தம் கடமை. கதையில் வரும் சாவடியிலே கடமை புரிபவர் ரியோட்சு கன்கிச்சி என்னும் காவலர். இணைந்து தடித்த புருவமும், மடித்துவிட்ட சட்டைக் கையும், காலிலே செருப்புமாகக் காட்சி தரும் இவரை யாவரும் ‘ரியோ-சான்’ என்பர். பணத்தாசை மிக்கவர், சூதாட்டப் பிரியர், கடைதோறும் கடன் வைத்தவர். புதிதாக ஏதேனும் ஒரு பொருள் சந்தைக்கு வந்தால் அதிலே பணம் பண்ணும் வழியொன்றைக் கண்டுபிடிப்பார், முதலிலே வெல்வார், பேராசையினாலே யாவற்றையும் இழப்பார், இறுதியில் மேலதிகாரியான ஒஹாரா சினங்கொண்டு அவரைத் தேடித் துரத்துவார். எண்ணற்ற அத்தியாயங்களின் அமைப்பு இதுவே. ஆயினும் அவர் ஏழைக்கு இரங்குவார், சிறுவரோடு சிறுவராக ஆடுவார், அஞ்சி ஓடார். வீட்டுக்கு வீடு இத்தகைய சித்தப்பா ஒருவர் இருப்பாரன்றோ? அதனாலேதான் வாசகர் அவரைத் தம்மவராகக் கொண்டனர் போலும்.

இக்கதையிலே எவர்க்கும் மூப்பு இல்லை. 1976இல் முப்பதுகளில் இருந்த ரியோ-சான் 2016இலும் முப்பதுகளிலேயே இருந்தார். மூத்தது உலகமே. விளையாட்டுப் பொருள், மோட்டார் சைக்கிள், நிழற்படக் கருவி, வீடியோ விளையாட்டு, கணனி, கைத்தொலைபேசி என ஒவ்வொரு காலத்துப் புதுமையும் அவ்வக் காலத்திலேயே கதையுட் புகுந்தது. அத்தொகுதிகளை வரிசையாகப் புரட்டுவோன் நாற்பது ஆண்டு யப்பானிய வாழ்க்கையை ஒரு சாவடியின் வாயிலில் நின்றே கண்டுவிடலாம்.

ஹிகுராஷி என்றொரு பாத்திரத்தையும் இங்கே கூறுதல் தகும். அவரும் காவலரே. ஆனால் நான்கு ஆண்டு தொடர்ந்து உறங்குவார். ஒலிம்பிக் விளையாட்டு நடைபெறும் ஆண்டிலே ஒருமுறை விழித்தெழுவார். பெருங்கலவரம் ஒன்றை விளைத்துவிட்டு மீண்டும் உறங்கச் செல்வார். கும்பகர்ணனை அறிந்த எமக்கு இவர் அந்நியராகத் தோன்றார். பத்து வயதிலே அவரை ஒருமுறை கண்ட சிறுவன் மறுமுறை காணும்பொழுது பதினான்கு வயதினன். அதற்கடுத்த முறை பதினெட்டு. சிரித்துக்கொண்டே தன் வளர்ச்சியை அளந்து பார்க்க வாசகனுக்கு அது ஓர் அளவுகோலாயிற்று.

சிரிப்பின் நடுவே சிற்சில வேளைகளில் அகிமோட்டோ தம் வாசகரை மௌனமாக்கியும் இருக்கிறார். தோக்கியோவின் சென்ஜுப் பகுதியிலே அனல் மின்னிலையம் ஒன்று இருந்தது. அதன் நான்கு புகைபோக்கிகளும் நாம் நிற்கும் இடத்துக்கேற்ப நான்காகவும் மூன்றாகவும் இரண்டாகவும் ஒன்றாகவும் தோன்றும். மக்கள் அவற்றைப் பேய்ப் புகைபோக்கிகள் என்றனர். 1964ஆம் ஆண்டு அவை இடிக்கப்பட்டன. அக்காலத்தைப் பின்னணியாகக் கொண்டு, ரியோ-சானின் இளமையையும், அவருடைய பள்ளிக்குத் தற்காலிகமாகப் படிப்பிக்க வந்து சென்ற ஆசிரியை ஒருவரையும் பற்றி ஓர் அத்தியாயம் வரைந்தார். ஆசிரியையும் போவார், புகைபோக்கியும் போகும். முரட்டுக் காவலரின் உள்ளே அழியாதிருக்கும் சிறுவனை அவ்வத்தியாயம் காட்டுகிறது. நாமும் ஆசிரியத் தொழிலினராதலின் இதனைப் பற்றி அறிந்தபொழுது சிறிது நேரம் ஒன்றும் செய்யத் தோன்றாது இருந்தோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

இனி, இத்தொடரின் வியப்புக்குரிய பகுதிக்கு வருவோம். 1976 முதல் 2016 வரை, நாற்பது ஆண்டுகளிலே, அகிமோட்டோ ஒரு கிழமையேனும் தவறவில்லை. ஏறக்குறைய 1,960 அத்தியாயங்கள். காய்ச்சல், களைப்பு, குடும்பக் கருமம் ஆகியன அவருக்கும் இருந்திருக்குமன்றோ? வாராந்தத் தொடர் வரையும் ஓவியர்கள் இரவு பகல் பாராது உழைத்து நோய்ப்படுவதும், இடையிலே தொடர் நின்றுபோவதும் அந்நாட்டிலே அடிக்கடி கேட்கப்படும் செய்திகள். இவர் மாத்திரம் எவ்வாறு தப்பினார்?

அதற்கு அவர் கொண்ட வழி மிக எளியது. தமது கலைக்கூடத்தை ஓர் அலுவலகம் போல நடத்தினார். உதவி ஓவியர்களை ஊழியராக நியமித்தார். அவர்கள் வரும் நேரமும் போகும் நேரமும் அட்டையிலே பதியப்பட்டன. காலையிலே தொடங்கிய வேலை மாலைக்கு மேலே நீளாது. இறுதி நாள் வரையில் காத்திராது, வருங்கிழமைகளுக்குரிய அத்தியாயங்களை முன்னரே வரைந்து சேமித்து வைத்தார். கலைஞன் என்றாற் கலைந்த தலையும் விடியும்வரை விழித்த கண்ணும் உடையவனாய் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் எம்மவரிடையேயும் உண்டு. அகிமோட்டோவின் வாழ்வு அதற்கு மாறானது. கதையிலே ரியோ-சான் எவ்வளவுக்கு ஒழுங்கற்றவரோ, அவரைப் படைத்தவர் அவ்வளவுக்கு ஒழுங்குடையவர்!

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆம் திகதி. தோக்கியோவின் பழம்பெரும் வழிபாட்டிடங்களுள் ஒன்றான கன்டா மியோஜின் ஆலயத்திலே, தொடரின் நாற்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டித் தாம் வரைந்த நீண்ட சித்திரச் சுருளொன்றை அகிமோட்டோ காணிக்கையாக அளித்தார். அவ்விடத்திலேயே, தொடர் முடிவுக்கு வருகின்றது என்னும் செய்தியையும் வெளியிட்டார். இரண்டு கிழமைகளே எஞ்சியிருந்தன. செப்டெம்பர் 17ஆம் திகதி இறுதி அத்தியாயம் சஞ்சிகையிலே வந்தது; அதே நாளிலே 200ஆவது தொகுதியும் கடைகளுக்கு வந்தது. வழக்கமாகச் சஞ்சிகையில் வந்து பல மாதங்கள் கழிந்த பின்னரே ஓர் அத்தியாயம் நூலுருப் பெறும். இங்கோ, சஞ்சிகையை வாங்குவோரும் நூல்களைச் சேர்ப்போரும் ஒரே நாளிலே முடிவை வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. அன்றியும், சஞ்சிகையிலே வந்த இறுதி நகைச்சுவையும் நூலிலே வந்ததும் வெவ்வேறாய் இருந்தன. இரண்டையும் வாங்கியவன் இருமுறை சிரித்தான்!

அந்த இறுதி அத்தியாயத்திலே எவரும் சாகவில்லை. எவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. கண்ணீர் சிந்தும் பிரியாவிடை இல்லை. நாற்பதாண்டு நிறைவைக் கொண்டாடப் பாத்திரங்கள் யாவரும் கூடுகின்றனர். வழக்கம்போலக் குழப்பம் விளைகிறது. அவ்வளவே. நாளையும் அச்சாவடி திறந்திருக்கும் என்னும் எண்ணத்தோடு வாசகன் நூலை மூடுகிறான்.

நாற்பது ஆண்டு, இருநூறு தொகுதி என்னும் நிறைவான எண்களே நிறுத்துதற்கு ஏற்ற இடம் என்பதும், திருவிழாப் பிரியரான ரியோ-சான் விழாக்கோலத்திலேயே விடைபெறுதல் பொருத்தம் என்பதும் அகிமோட்டோவின் கருத்து. அவருக்கு அப்பொழுது வயது 63. அதுவரையில் 15 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் அச்சாகியிருந்தன. ஒரே தொடரிலே மிகக் கூடிய தொகுதிகள் என்பதனாலே கின்னஸ் சாதனையும், அதே ஆண்டிலே பெருமதிப்புக்குரிய கிக்குச்சி கான் பரிசும் கிடைத்தன. வேண்டாம் எனக் கூறுவோர் எவரும் இல்லாத வேளையிலே அவர் எழுந்தார். எழுந்தவர் ஓய்ந்திருக்கவுமில்லை, தாம் வரைய எண்ணியும் காலம் வாய்க்காதிருந்த வேறு கதைகளைத் தொடர்ந்து வரையலானார்.

எல்லார்க்கும் இப்பேறு வாய்ப்பதில்லை. ‘பெர்ஸர்க்’ என்னும் கதையை 1989 முதல் வரைந்து வந்த கென்டாரோ மியுரா, 2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி தமது 54ஆம் வயதிலே காலமானார். கதை நடுவழியிலே நின்றது. ஆயினும் பல்லாண்டுகளுக்கு முன்னரே, தம் பள்ளித் தோழரான கோஜி மோரியிடம் அக்கதையை முடிவு வரையில் மியுரா கூறியிருந்தார். தோழரும் ஓர் ஓவியரே. நண்பன் கூறியவற்றை மாத்திரம் கூட்டாது குறையாது தருவதாக வாசகருக்கு உறுதி கூறி, மியுராவின் உதவி ஓவியர்களைக் கொண்டு 2022 ஜூன் மாதத்திலே மோரி அக்கதையைத் தொடரச் செய்தார். ஒருவன் வாக்கை மற்றொருவன் சுமந்து செல்லும் இச்செயலைக் காணும்பொழுது நட்பின் இலக்கணம் எமக்கு நினைவு வராமற் போகாது.

‘கொல்கோ 13’ என்னும் கதையின் நிலை வேறு. 1968இல் அதனைத் தொடங்கிய டக்காவோ சைட்டோ, 2021 ஜூலை மாதத்திலே 201ஆவது தொகுதியை வெளியிட்டுக் ‘கொச்சிக்கமே’யின் சாதனையைக் கடந்தார். அவ்வாண்டு செப்டெம்பர் 24ஆம் திகதி, 84ஆம் வயதிலே, அவரும் மறைந்தார். தாம் இல்லாவிடினும் கதை தொடர வேண்டும் என்பது அவருடைய விருப்பமாய் இருந்தது. அவ்வாறே அவருடைய குழுவினர் தொடர்ந்தனர். தேர் இழுப்பவர் மாறினும் தேர் ஓடுவது போன்றது இது.

மூன்று கதைகள்; மூன்று முடிவுகள். ஒருவர் தாமே நிறுத்தினார். ஒருவரை மரணம் நிறுத்த, நண்பர் தொடர்ந்தார். ஒருவர் தம் கதைக்கு முடிவே வேண்டாம் என விட்டுச் சென்றார். இவற்றுள் எது உயர்ந்தது என நீதி வழங்க நாம் முற்படவில்லை. ஆயினும் மாணவனின் வினாவுக்கு விடை இவற்றிடையே இருக்கக் கண்டோம். முடிவைத் தெரிந்தெடுக்கும் உரிமை எல்லார் கையிலும் இருப்பதில்லை. அகிமோட்டோவின் கையிலே அஃது இருந்தமைக்குக் காலம் இடங்கொடுத்தது ஒரு காரணம். நாற்பது ஆண்டு அவர் தம் வேலையை ஆண்டு வந்தது மற்றொரு காரணம். வேலை அவரை ஆளவில்லை. கடைசி நாள் வரையில் ஓடிக் களைப்பவனுக்கு நிற்கும் இடம் தெரிவதில்லை. விழுகின்ற இடமே அவன் நிற்கும் இடம். முன்னரே வரைந்து வைத்தவனுக்கு, இன்னும் எத்தனை கிழமை, எத்தனை பக்கம் என்பது தெரியும். ஆகவே அவனால் நாளைக் குறிக்க முடிகிறது; தன் பாத்திரங்களை அழைத்து விருந்து வைக்க முடிகிறது; வாசகனிடம் முறையாக விடைபெற முடிகிறது. தொடக்கத்திலே நாம் வேறொன்று வேண்டும் என்றோமே, அவ்வேறொன்று இதுவே: தன் கையைத் தானே ஆளும் ஆட்சி.

சில நாள் கழித்து அம்மாணவனை அழைத்து இவ்வளவும் கூறினோம். பொறுமையாகக் கேட்டான். பின்னர், "அப்ப சேர், அவருக்குக் கவலை இருந்திருக்காதோ?" என்றான். இவ்வினாவை நாம் எதிர்பார்க்கவில்லை. சிறிது யோசித்து, "இருந்திருக்கும் தம்பி. ஆனால் அந்தக் கவலையை அவர் வாசகர் தலையிலே ஏற்றவில்லை, அவர்களுக்குச் சிரிப்பைக் கொடுத்துவிட்டுத் தன் பங்கைத் தான் சுமந்திருப்பார்" என்றோம். அவன் தலையசைத்தான். "முதலாம் அத்தியாயத்திலே இருந்து திருப்பி வாசிக்கத் தொடங்கிட்டன் சேர். இப்ப வேறை மாதிரி இருக்கு" என்றும் கூறினான். எமக்கு மகிழ்ச்சியாய் இருந்தது. முடியாத கதையை நாம் வாசிக்கத்தான் இயலும். முடிந்த கதையையே முழுதாகக் கண்டு, இது இதற்காக வந்தது, இங்கே இது பழுத்தது என்று அறிய இயலும். ஆகவே நல்ல முடிவென்பது ஆசிரியன் வாசகனுக்கு இறுதியாக ஈயும் பொருள். அதன்பின் கதை வாசகனுடையது.

‘கொச்சிக்கமே’யும் அவ்வாறே வாசகருடையதாயிற்று. கமெயாரிப் புகையிரத நிலையத்தைச் சுற்றிய தெருக்களிலே 2006 முதலாக ரியோ-சானின் வெண்கலச் சிலைகள் நிறுத்தப்பட்டுள்ளன. கதையிலே வரும் காவற்சாவடி உண்மையில் அப்பூங்காவின் முன்னே இல்லை. இருந்தும் அதனைத் தேடி மக்கள் செல்கின்றனர். தொடர் முடிந்தபின்னரும் இடையிடையே அகிமோட்டோ வரைந்த தனிக்கதைகளைத் தொகுத்து 2021ஆம் ஆண்டு 201ஆவது தொகுதி வந்தது. வேலையினின்று ஓய்வுபெற்ற பெரியவர் பழைய அலுவலகத்துக்கு ஒருநாள் வந்து நலம் விசாரித்துச் செல்வது போன்றது அது. வந்தார், மகிழ்ந்தோம், ஆனால் அவர் மீண்டும் கதிரையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு சொல். உங்கள் பிள்ளை ஒரு கதை முடிந்ததென்று வாடியிருப்பின், "இதற்கும் ஒரு கவலையா?" என்று எள்ளற்க. ஆறு ஏழு ஆண்டு கிழமைதோறும் வந்துசென்ற தோழர் சிலர் இனி வாரார் என்பதே அவன் துயர். பிரிவை இவ்வாறு சிறிதாகப் பழகுகின்றவன் பின்னர் பெரிதாக வரும் பிரிவுகளையும் தாங்கக் கற்பான். அக்கதை எதைப் பற்றியது என்று அவனிடமே ஒருமுறை கேட்டுப்பாருங்கள். ஒரு மாலைப் பொழுது இனிதாகக் கழியும்.

மாணவருக்கும் ஒரு சொல். இன்று செய்யவேண்டியதை இன்றும், நாளைக்குரியதில் ஒரு சிறு பகுதியை இன்றும் செய்து வைப்பவன் பரீட்சைக்கு முதல் நாள் இரவு நிம்மதியாக உறங்குவான். நாற்பது ஆண்டு கிழமை தவறாத ஓவியர் ஒருவரின் வாழ்விலிருந்து இதனைக் கற்கலாம். ஆசிரியர்களாகிய எமக்கும் இதிலே பாடம் உண்டு. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு எம் கையைவிட்டுப் போகிறது. இன்னும் ஒரு மாதம் இவர்கள் இருந்தால் இன்னும் எவ்வளவோ சொல்லிக் கொடுக்கலாமே என்று ஆண்டுதோறும் எண்ணுகின்றோம். ஆயினும் மணி அடிக்கும். அடிக்கும் வேளையிலே, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்து, சிரித்த முகத்தோடு அவர்களை வாயில்வரை கொண்டுசென்று விடுதல் வேண்டும். அப்பாலுள்ள கதை அவர்களுடையது.